எந்த வரிசையில் நிற்பது?

மதினி,

இன்று காலை ராஜபாளையம் பழைய பஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் பலாப்பழம் அறுத்து வைத்திருந்தார்கள். மலையிலிருந்து இறக்கிய பழம், பக்குவம் தாண்டிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கு நகர மனம் வரவில்லை. வெகு காலத்துக்கு முன் இதே இடத்தில் இதே நெடியை நீங்கள் ஆசையாக இழுத்து, "டுரியான் மாதிரியே இருக்குலா" என்றீர்கள். "இதெல்லாம் ஒரு வாசமா மதினி?" என்று கேட்டேன். "நம்ம ஊர்ல வாசம்தான்" என்றீர்கள். நம்ம ஊர் என்று நீங்கள் சொன்னது, டுரியான் பழம் மணக்கும் மலேசிய ஊரான ஈப்போவை.

அண்ணனைக் கட்டிக்கொண்டு கப்பலில் நீங்கள் வந்து இறங்கியபோது உங்களுக்குப் பத்தொன்பது வயது. உங்கள் அப்பா சோழபுரத்திலிருந்து மலேசியத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர். மகளைச் சொந்த மண்ணில் கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாராம். மலேசியப் பழக்கத்தில் பேச்சுக்குப் பேச்சு நீங்கள் போட்ட "லா"வைக் கேட்டுத் தெருப் பெண்கள், தங்களை "ஏலா" என்று மரியாதையில்லாமல் கூப்பிடுவதாக நினைத்துக் கோபித்துக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் அந்த "லா"வை விட்டுவிட்டீர்கள். நாத்தனார் என்னிடம் பேசும்போது மட்டும் எப்போதாவது வரும்.

பிறந்தது அங்கே என்றாலும் உங்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது. நிரந்தரமாகத் தங்கலாம் என்பதற்கு ஒரு சிவப்பு அட்டை இருந்தது. வெளிநாடு போனால், திரும்பி வரும் அனுமதியைக் கெடு தவறாமல் புதுப்பிக்க வேண்டும். மகன் கைக்குழந்தையாக இருக்கும்போது ஒருமுறை போய்ப் புதுப்பித்து வந்தீர்கள். பிறகு மகள் பிறந்தாள், அங்கே போகும் கப்பல் நின்றுபோனது, மில்லில் ஃபிட்டராக இருந்த அண்ணன் சம்பளத்தில் விமானத்தை நினைக்க முடியவில்லை. அட்டை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. அது இன்னும் செல்லுமா, செத்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள் உங்கள் தம்பி பேசினார். ராஜபாளையத்து வீட்டில் போன் இல்லாததால், ஸ்ரீவில்லிபுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த என்னிடம்தான் அவர் பேசுவார். "அம்மா சாப்பாட்ட நிறுத்திட்டாங்க. அக்காவ ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

வளையலை விற்றுக் கிளம்பத் தயாரானீர்கள். அண்ணனுக்கு லீவு இல்லை. இங்கிலீஷ் தெரியும் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். மதுரை டிராவல்ஸ்காரர், "கார்டு உயிரோட இருக்கான்னு அங்க போய் நின்னாத்தாம்மா தெரியும். எதுக்கும் விசிட்டர் விசா எடுத்துக்கோங்க" என்றார்.

"விசிட்டர்னு போயிட்டு வந்தா என்ன கொறஞ்சு போயிரும்?" என்றார் அண்ணன். "இங்க ஒனக்கு வீடு இல்லையா, புள்ளைக இல்லையா?"

நீங்கள் துணியை மடித்தபடியே, "அம்மா வீட்டுக்கு எப்படிங்க விசிட்டரா போறது?" என்றீர்கள். விசாவும் எடுத்தோம். அட்டையும் உங்கள் கைப்பையில் வந்தது.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் இரண்டு வரிசை. ஒன்று அந்த ஊர்க்காரர்களுக்கு, இன்னொன்று வெளியூர்க்காரர்களுக்கு. எதில் நிற்பது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே நின்றீர்கள். பின்னால் வந்தவர்கள் உங்களை இடித்துக்கொண்டு போனார்கள். "என் கூட வாங்க மதினி" என்று கூப்பிட்டேன். நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு, ஊர்க்காரர்கள் வரிசையில் போய் நின்றீர்கள்.

கவுண்டரில் இருந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண். அவளிடம் நீங்கள் மலாயில் பேசத் தொடங்கினீர்கள். எங்கள் வீட்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மதினி, அங்கே கையை ஆட்டி, சிரித்து, கெஞ்சி, மடமடவென்று பேசினீர்கள். அந்தக் குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். அவள் உங்களை ஓர் அறைக்குள் கூட்டிப்போனாள். நான் கையிலிருந்த பைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வரும்போது அட்டை உங்கள் கையில்தான் இருந்தது. விசிட்டராக ஒரு மாதம் தங்கலாம் என்று சொன்னார்களாம். அட்டையைக் காப்பாற்ற வேண்டுமானால் ஈப்போ அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும், முடிவு தெரியும்வரை நாட்டைவிட்டுப் போகக் கூடாது. ஆறு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். மனுக் கொடுக்காவிட்டால், ஊர் திரும்பும்போது அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும்.

உங்களைப் பார்த்ததும் உங்கள் அம்மா சாப்பிட ஆரம்பித்தார்கள். உங்கள் கையால் கொடுத்தால்தான் வாய் திறப்பார்கள். பத்து நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்துவிட்டார்கள். "மனுவக் குடுத்துட்டு இருந்துரு தாயி. நான் இன்னும் எம்புட்டு நாளைக்கு?" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். அண்ணனிடம் போய் என்ன சொல்வேன்?

மறுநாள் ராஜபாளையத்தில் அண்ணன் பிள்ளைகளைத் தபாலாபீசுக்குக் கூட்டிப்போய் போனில் பேசவைத்தார். மகள் சொன்னது ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்டது. "அம்மா, எனக்குப் பல்லு விழுந்துருச்சு. நீ வந்து கூரையில போடுறியா?"

"பத்திரமா வச்சிரு. அம்மா வாரேன்" என்றீர்கள். பிறகு ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டீர்கள். மனுக் கொடுக்க வேண்டிய அலுவலகத்தின் வாசல்வரை, அதற்குப் பிறகு ஒரு நாள் இருவரும் போனோம். செத்த நேரம் படியில் நின்றுவிட்டு, "போலாம்லா" என்று திரும்பினீர்கள்.

கிளம்பும் அன்று உங்கள் அம்மா அழவில்லை. "புள்ளைக தேடும், போ" என்று மட்டும் சொன்னார்கள். விமான நிலையத்தில் நீங்கள் அட்டையை இரு கையாலும் நீட்டினீர்கள். வாங்கியவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து உங்கள் தம்பியின் அழைப்பை நான்தான் எடுத்தேன். அரைநாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். வேலை நாளில் வந்து நின்ற என்னைப் பார்த்ததுமே உங்களுக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி பேசுனானா?"

"ஆமா மதினி."

"கடைசியா ஏதும் சாப்பிட்டாங்களாமா?"

அதை நான் அவரிடம் கேட்டிருக்கவில்லை. மிச்சத் துணியையும் காயப்போட்டு முடித்துவிட்டுத்தான் நீங்கள் தரையில் உட்கார்ந்தீர்கள்.

அதற்குப் பிறகு அந்த ஊரைப் பற்றி நீங்கள் பேசியதில்லை. சில வருடங்களில் சிறுநீரகக் கோளாறு வந்து, மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்து, மகள் பள்ளிப்படிப்பை முடிக்கும் முன்பே போய்விட்டீர்கள்.

நீங்கள் போன மறுவருடம் அண்ணன் செய்த காரியம் உங்களுக்குத் தெரியாது. மில்லிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி, யாரிடமும் யோசனை கேட்காமல் ஈப்போவுக்குப் போய் வந்தார். திரும்பி வந்ததும் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏட்டி, அவ வீட்டு வாசல்ல நின்னு பாத்தேன். சுத்திலும் மலை, மழை பெஞ்சுக்கிட்டே இருக்கு, எங்க பாத்தாலும் பச்சை. இதெல்லாம் விட்டுட்டா எங்கூட வந்து கெடந்தா? நான் ஒரு நாளுகூடக் கேட்டதில்லையே."

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருவார். "அங்க அவ என்ன செஞ்சா, சொல்லு" என்பார். அந்த ஊரில் நடமாடிய உங்களைப் பார்த்தவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதானே. ஒவ்வொன்றாகச் சொல்வேன். போன வாரம், நீங்கள் தம்பியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனதைச் சொன்னேன்.

அண்ணன், "அவளுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

நன்றாக ஓட்டுவீர்கள் மதினி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூறலில் நனைந்தபடி, யாரும் குறுக்கே வராத தெருவில் சும்மாவே மணியடித்துக்கொண்டு போனீர்கள்.