முன் சீட்டும் உன் அம்மாவின் கையெழுத்தும்

மத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்.

அன்பு மகள் சுப்ரியாவுக்கு, கருங்கல் மலைகளையே தூக்கி எடை போட்டு இறக்கி வைத்தவனும், மத்தூர் வட்டாரத்து லாரி எடைமேடைச் சக்கரவர்த்தியும், போனால் போகிறதென்று உனக்கு அப்பாவுமான மாதவன் எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிடச் சுகம், பின்பக்கத்து அவரைக்கொடி எங்கள் இருவரையும்விடச் சுகம், அது நேற்று பக்கத்து வீட்டு மொட்டை மாடியைப் பிடித்துவிட்டது, இந்த வேகத்தில் போனால் தீபாவளிக்குள் கர்நாடக எல்லையைத் தாண்டி அந்த அரசு நமக்கு நோட்டீஸ் அனுப்பும். அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை அஸ்வினும், உன் வயிற்றில் ஐந்து மாதமாக வாடகை தராமல் குடியிருக்கும் கலெக்டரும் சுகமாக இருக்க மாதேஸ்வரன் அருள் புரியட்டும்.

போனில் பேசாமல் ஏன் இந்தக் கடிதம் என்று கேட்பாய். என் ஒலிபரப்பு உரிமத்தை உன் அம்மா போன மாதம் ரத்து செய்துவிட்டாள் கண்ணு. அதன் காரணத்தைத்தான் எழுதப் போகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே, எல்லாம் முடிந்தது, அம்மா வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது, நேற்றுகூட என்னை இரண்டு தடவை திட்டினாள், குரலில் நல்ல தெம்பு. மாசமாக இருக்கிற பிள்ளையிடம் இதைச் சொல்லலாமா என்று அவள் நிறைய யோசித்தாள், பிறகு அவளே, "அவளும் நர்சுதான, தெரியட்டும், ஆனா போன்ல நீங்க சொன்னா ஒண்ணை ஒம்பது ஆக்குவீங்க, உக்காந்து எழுதுங்க, நான் படிச்சுப் பாக்கறேன்" என்றாள். ஆகையால் இது தணிக்கைக்கு உட்பட்ட கடிதம். விஷயம் என்னவென்றால் மே மாதக் கடைசியில் அம்மாவுக்கு ஒரே தலைசுற்றல். நாற்பத்தைந்து வயது, நாள் தள்ளிப் போனதை நிற்கிற வயது வந்துவிட்டது என்று அவளாகவே முடிவு கட்டி, சத்து மாத்திரை எழுதி வாங்கலாம் என்று போனவளை டாக்டரம்மா சோதித்துப் பார்த்து, ஆறு வாரம் என்று சொல்லிவிட்டார். ஆமாம் கண்ணு, நீ படித்தது சரிதான். அப்போது உனக்கு மூன்றரை மாதம், உன் அம்மாவுக்கு ஆறு வாரம். கருத்தடை தவறிவிட்டது என்று டாக்டர் பின்னால் படிவத்தில் எழுதினார், அந்தத் தவறில் எனக்கும் சரிபாதிப் பங்கு உண்டு என்பதற்கு மேல் எழுத எனக்குத் தடை இருக்கிறது.

அன்று சாயங்காலம் நான் தரையில் நடக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் அப்பா! எடைமேடையில் ஏறி நின்றிருந்தால் முள் நாற்பது டன் காட்டியிருக்கும். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது, நான் இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நானும் வாக்குக் கொடுத்தேன், அந்த வாக்கைப் பன்னிரண்டு மணி நேரம் முழுசாகக் காப்பாற்றினேன். மறுநாள் விடிந்து ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. போச்சம்பள்ளிச் செருப்புக் கம்பெனிக்குப் போகிற அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். கதவை ஒட்டின முன் சீட்டு குலுங்காது, மாசமாக இருப்பவர்களுக்குத்தான் அது. அதற்கு எழுதின சட்டம் கிடையாது, இருபது வருஷமாக அதே பஸ்ஸில் போகிற நம் எதிர்வீட்டு நஞ்சம்மாதான் சட்டம். அந்த சீட்டில் ஒருத்தி உட்கார்ந்தால் அரசாங்க கெஜட்டில் வெளியிட்ட மாதிரி. உன் அம்மா மூன்றாவது வரிசைக்குப் போவதைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. டிரைவர் தினேஷ்குமாரின் ஜன்னலருகே போய், பரம ரகசியமாக, இனிமேல் முன் சீட்டு எங்கள் வீட்டம்மாவுக்கு என்று சொன்னேன். என் ரகசியக் குரல் கல் லாரி எஞ்சினுக்கு மேலே கத்திப் பழகின குரல் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள், நஞ்சம்மா உன் அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டாள். உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் பஸ்ஸின் ஆறு டயரும் பஞ்சர் ஆகியிருக்க வேண்டும்.

அவள் யோசித்து முடிப்பதற்குள் ஊரே யோசித்து முடித்துவிட்டது. பஸ்ஸில் போக வர விவாதம், டீக்கடையில் விவாதம். பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இதென்ன என்று ஒரு கட்சி, கொடுத்ததைத் தட்டக் கூடாது என்று ஒரு கட்சி. தினேஷ்குமார் எதையோ செல்போனில் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் சில இடங்களில் இதற்குச் சட்டமே விடாது, இங்கேயும் ஜெயில்தான் என்று கிளப்பிவிட்டான். நஞ்சம்மா நேராக வீட்டுக்கே வந்து, "துடிப்பு வந்துட்டா அதுவும் ஒரு உசுருதான் தங்கமணி, அத நம்ம எடுக்கறதுக்கு நம்ம யாரு" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, இரண்டு குழந்தையை இழந்தவள், அவள் வலி அவளுக்கு. அவள் மகள் கவிப்ரியா தர்மபுரியில் சட்டம் படிக்கிறாளே, அவள் அம்மாவுக்குப் பின்னாலேயே வந்து நின்று, "முடிவு பண்ண வேண்டியது அத்தைதாம்மா, நீயில்ல" என்றதும் தாயும் மகளும் என் கூடத்தில் உட்கார்ந்து உச்ச நீதிமன்றமே நடத்திவிட்டார்கள். இந்த அமளியில், உங்க வீட்ல என்ன சொல்றாங்க என்று கேட்டவர் ஒரே ஒருத்தர்தான். முனீர் அகமது, நம் மேடைக்குத் தினமும் லோடு கொண்டுவரும் லாரிக்காரர். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் முழுக்கக் கேட்டுவிட்டேன், அவளைக் கேட்கவில்லை.

அன்றைக்குக் கேட்டேன். அவள் சாமான் துலக்கிக்கொண்டே சொன்னாள், "எனக்கு வேணாங்க. சர்க்கரை இருக்குது, முழங்கால் இருக்குது, லைன்ல சூப்பர்வைசர் ஆக்கி ஆறு மாசம்தான் ஆச்சு, இதெல்லாம் சொல்லலாம். ஆனா இதெல்லாம் இல்லாட்டியும் எனக்கு வேணாம்." நவம்பரில் உன் பிரசவத்துக்கு வருவதற்காகவா என்றேன். அதற்காக இல்லை, அந்தப் பழியை அவள் மேல் போடாதீர்கள் என்று உன் பெயரைச் சொல்லித் தெளிவாகச் சொன்னாள், நீயும் அப்படி நினைத்துவிடாதே. எனக்குக் கொஞ்சம் ஆசையாக இருக்கிறது என்று நானும் மறைக்காமல் சொன்னேன். தெரியும் என்றாள். அவ்வளவுதான். மறுநாள் எடைமேடை அறைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், முனீர் வந்தார், கண்ணில் கல் தூசி விழுந்துவிட்டது என்றேன், "ரெண்டு கண்லயும் ஒரே நேரத்துலயா அண்ணே" என்று கேட்டுவிட்டு, மேலே ஒன்றும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கவிப்ரியாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சட்டமும் நம் எடைமேடை மாதிரிதான், ஆனால் கிலோ பார்க்காது, வாரம் பார்க்கும். இருபது வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டால் போதும், இருபத்து நாலு வரைக்கும் சில பேருக்கு மட்டும், இரண்டு டாக்டர், அதற்கும் மேலே என்றால் பெரிய குழு. வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, டாக்டருக்குக் காரணம் வேண்டும், கருத்தடை தவறினதும் ஒரு காரணம். அப்புறம் இன்னொன்று சொன்னாள், நான் திறந்த வாயை மூடவில்லை, தகப்பன் செத்துப்போனால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் சொத்தில் பங்கு உண்டாம், உயிரோடு பிறந்தால். அப்படியானால் அந்தச் சின்ன ஆசாமிக்கும் என் மாபெரும் சாம்ராஜ்யத்தில், அதாவது ஒழுகுகிற வீட்டிலும் ஓடாத மொபெட்டிலும், ஒரு பங்கு இருந்திருக்கிறது. ஒரு பக்கம் ஆள் மாதிரி, ஒரு பக்கம் ஆள் இல்லாத மாதிரி, இதென்ன கணக்கு என்றேன். உலகம் பூரா அதற்குத்தான் மாமா அடித்துக்கொள்கிறார்கள் என்றாள். உங்கள் அயர்லாந்திலேயே ஒரு காலத்தில் தாய்க்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் சம உரிமை என்று எழுதி வைத்திருந்து, பிறகு ஜனங்கள் ஓட்டுப் போட்டு எடுத்தார்கள் என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய், நான்தான் அன்றைக்கு கிரிக்கெட் பார்த்துக்கொண்டு உம் கொட்டினேன். கடைசியாக ஒரு பிரிவைப் படித்துக் காட்டினாள். டாக்டர் அந்தப் பெண்ணின் பெயரை வெளியே சொன்னால் ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் உண்டாம். "பஸ்ஸுல சொன்ன புருஷனுக்கு என்ன தண்டனைன்னு சட்டத்துல போடல மாமா" என்றாள். சட்டத்தில் இருந்த அந்த ஓட்டையை உன் அம்மா உடனே அடைத்தாள், ஒரு மாதம் பாத்திரம் துலக்கும் வேலை எனக்கு, கடுங்காவல்.

எட்டாவது வாரத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம், பெயர் எதற்கு. சோதனை எல்லாம் முடிந்து படிவம் வந்தது. அங்கிருந்த நர்சம்மா அதை உன் அம்மாவைத் தாண்டி என் முன்னால் வைத்து, வீட்டுக்காரர் கையெழுத்துப் போடுங்க என்றார். என் கையெழுத்து உனக்குத் தெரியும், மயில் தோகை விரித்த மாதிரி அரைப் பக்கம் பிடிக்கும், உன் பத்தாம் வகுப்பு ரேங்க் கார்டில் மார்க்கையே மறைத்துவிட்டது. பேனா மூடியைத் திறந்துவிட்டேன். போட்டுக் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும், நான்தான் சம்மதித்துவிட்டேனே. அப்போது உன் அம்மா படிவத்தின் மேல் கையை வைத்தாள். நர்சம்மாவைப் பார்த்து, சத்தமே போடாமல், "இன்னிக்கு இவரு போட்டாத்தான் செல்லும்னா, நாளைக்கு இன்னொருத்தி வருவா, அவ புருஷன் போடமாட்டேன்னு நிப்பான். அன்னிக்கு அவளத் திருப்பி அனுப்புவீங்களா?" என்றாள். எப்பவும் இப்படித்தாம்மா வழக்கம் என்றார் அவர். வழக்கம் எனக்கும் தெரியும், சட்டத்தில் இருக்கிறதா என்று அம்மா கேட்டு, கவிப்ரியா நகல் எடுத்துக் கொடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். வயது வந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும் என்ற இடத்தில் மஞ்சள் பேனாவால் கோடு போட்டிருந்தது. அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்த அரை மணி நேரமும் என் பேனா திறந்தபடியே இருந்தது கண்ணு, ஐம்பத்திரண்டு வருஷத்தில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்த முதல் அரை மணி அதுதான். பெரிய டாக்டரம்மா வந்தார், தாளைப் படித்தார், என்னைப் பார்க்கவே இல்லை, அம்மாவைப் பார்த்து உங்கள் முடிவுதானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். நான் பேனாவை அவளிடம் கொடுத்தேன். தோகை எதுவும் இல்லை, தையல் போட்ட மாதிரி நேராக, த. தங்கமணி, அவ்வளவுதான். மாத்திரைதான் கொடுத்தார்கள், கத்தி கிடையாது. நாலு நாள் படுத்திருந்தாள். கஞ்சி வைத்தேன், ருசி பார்த்துவிட்டு இதற்கு வலியே பரவாயில்லை என்றாள். மூன்றாம் நாள் நஞ்சம்மா களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்து, "பாவ புண்ணியத்த அப்புறம் பேசலாம், மொதல்ல தின்னு" என்று அதட்டிவிட்டுப் போனாள். அவள் கருத்து மாறவில்லை, இன்றைக்கும் மாறவில்லை, களி மட்டும் தினமும் வந்தது.

ஒன்றை மட்டும் விளையாடாமல் எழுதுகிறேன். எட்டு வாரத்தில் நீ அனுப்பின ஸ்கேன் படத்தை ஃபிரிட்ஜில் ஒட்டி அன்றைக்கே கலெக்டர் என்று பெயர் வைத்தவன் நான். அதே எட்டு வாரம் இங்கேயும். அது ஒன்றுமே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, உன் அம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. ஒன்றை அவள் நவம்பருக்காக விரல் விட்டு எண்ணுகிறாள், இன்னொன்றைத் தன் கையாலேயே வேண்டாம் என்று எழுதினாள், இரண்டும் ஒரே தங்கமணிதான். நாற்பது டன் கல்லுக்கு ரசீது கொடுக்கிற எனக்கு இதற்கு எடை போடத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் அவள் வேலைக்குக் கிளம்பினாள். நான் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு, ஆகவே அடுத்து நடந்ததைத் தினேஷ்குமார் சொல்லித்தான் தெரியும். பஸ்ஸில் முன் சீட்டு காலியாக இருந்ததாம், இனி அதில் யார் உட்காருவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். அம்மா ஏறினாள், நேராகப் போய் அதிலேயே உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஒருத்தி, அந்த சீட்டு மாசமாக இருக்கிறவர்களுக்கு என்று இழுத்தாளாம். உன் அம்மா திரும்பி, "சீட்ட எனக்குக் குடுத்தீங்களா, இல்ல என் வயித்துக்குக் குடுத்தீங்களா? எனக்குன்னா, எனக்கு இன்னும் இடுப்பு வலிக்குது" என்றாளாம். எல்லோரும் நஞ்சம்மாவைப் பார்த்தார்கள். அவள் டிரைவரிடம், "வண்டிய எடு தினேசு" என்றாளாம். அந்த பஸ்ஸின் சட்டத்தில் அன்றைக்குத் திருத்தம் வந்துவிட்டது.

நீ இரும்புச் சத்து மாத்திரையை விடாதே, மாப்பிள்ளையிடம் சொல்லி அந்த வழுக்குகிற படிக்கட்டுக்குக் கைப்பிடி வைக்கச் சொல், நைட் டூட்டி போதும். பார்சலில் ராகி மாவும் கொள்ளுப் பொடியும் இருக்கிறது, கொள்ளு சூடு, மாப்பிள்ளைக்கு மட்டும் கொடு. அம்மாவின் டிக்கெட் நவம்பர் ஒன்பது, விமான நிலையத்துக்கு யாராவது கட்டாயம் வர வேண்டும், மறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக் கலெக்டரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள், நூறு போதாவிட்டால் எழுது, ஏற்பாடு செய்கிறேன்.

இந்தக் கடிதத்தில் இருப்பது அம்மாவின் விஷயம் என்பதால், அவள் படித்து ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஒட்டப்படும். என் கையெழுத்துக்கு, அவள் கையெழுத்தின் அடியில் ஒரு ஓரம் விட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

படிச்சேன் கண்ணு. இவரு சொன்னதுல பாதியக் கழிச்சுக்கோ. பஸ்ஸுல நான் சொன்னது மட்டும் கழிக்காத. நல்லா இருக்கேன், வரேன்.

த. தங்கமணி

(இவள் அனுமதியின் பேரில்)
மாதவன்