அடியில் வைத்த முட்டைகள்

இன்று காலை முட்டை அறையில் உட்கார்ந்து இரண்டு முட்டைகளை ஒன்றோடொன்று மெல்லத் தட்டினேன். நல்ல முட்டை கணீரென்று கேட்கும். விரிசல் விட்டது செத்த சத்தம் தரும். அந்தச் சத்தத்தில் நீ நினைவில் வந்துவிட்டாய். பதினோரு வருடம் எங்கள் கோழிப்பண்ணையில் முட்டைகளைத் தரம் பிரித்தவள் நீ. என்னோடு ஒரே சபையில், எனக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தவள். நாளை அறுப்பின் பண்டிகை. நீ இல்லாமல் வரும் முதல் பண்டிகை.

விளைச்சலில் ஒரு பங்கை ஆலயத்தில் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடும் அந்தப் பண்டிகைக்குப் பத்து அட்டை முட்டை படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு வருடம் நான் செய்த காரியத்தை உன்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பேக்கரிக்குப் போக வேண்டிய விரிசல் முட்டைகளை அடியில் அடுக்கி, மேலே இரண்டு அட்டை மட்டும் நல்லதாக வைத்தேன்.

"எப்படியும் ஏலத்துல போறதுதானே. ஆண்டவரா ஆம்லெட் போடப் போறாரு?" என்று சிரித்தும் வைத்தேன்.

நீ சிரிக்கவில்லை. "கடைக்காரனுக்கே இப்படிக் குடுக்க மாட்டீங்களேக்கா" என்றாய்.

"உன் வேலையைப் பாரு" என்று சுள்ளென்று விழுந்தேன்.

விரிசல் முட்டை அடியில் பாரம் தாங்காது என்று ஒரு பண்ணைக்காரிக்குத் தெரியாதா? தெரியும். மறைக்கிற அவசரத்தில் அதுவும் மறந்துபோனது. ஆலயத்தில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தபோது அடி அட்டை நசுங்கி, பீடத்துப் படியில் மஞ்சள் கரு வழிந்தது. நீ எழுந்து போய் முந்தானையால் துடைத்தாய். போதகர் முகம் சுளித்துப் பார்த்தார்.

"நான்தானுங்க சரியா அடுக்கலை" என்றாய்.

பாவி நான், வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு கோயில் பக்கமே போகவில்லை. தலைவலி என்று வீட்டில் சொன்னேன். பயம்தான். ஆண்டவர் பரிசுத்தர், நானோ அழுகலை மூடிக் கொண்டுபோனவள். இனி எந்த முகத்தோடு திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டுவேன்? ஒரு நாள் முட்டை அறையில் உன்னிடம் இதைச் சொல்லி அழுதேவிட்டேன். நீ கையிலிருந்த முட்டையைக் கீழே வைக்கவில்லை.

"அந்தக் காலத்து இஸ்ரவேல் சனங்க பலிக்கு ஆட்டைக் கொண்டுபோனா கண்ணு, காலு, தோலு எல்லாம் நல்லா இருக்கோணுமுங்க. பழுது ஆகாது. அவரு அத்தனை பரிசுத்தம். ஆனா கொண்டு வந்தவன் பழுதில்லாதவனா இருந்தா எதுக்குங்க ஆடு? அவன் பழி அதுமேல போகோணுமின்னு அது தலைமேல கையை வெச்சு நிக்கோணும். நொள்ளையும் நொண்டியுமா நம்ம போகத்தானுங்க அந்த வழியே இருக்குது. நீங்க பாட்டுக்கு ஊட்டுல உக்காந்துட்டா எப்படி?"

அதுவரை பரிசுத்தம் என்றால் கிட்டே போகக் கூடாத ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். அவர் முன் மட்டமானதை வைக்கக் கூடாது என்பதும், மட்டமான நான் அவரிடம் போகலாம் என்பதும் ஒரே பலியில் இருக்கிறது என்று நீதான் காட்டினாய். பழுதற்ற ஆட்டுக்குட்டி சிலுவையில் என் பழியைச் சுமந்தது என்று எத்தனையோ முறை பாடியிருக்கிறேன். என் பழியை நீ முந்தானையில் துடைத்துக்கொண்ட பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிறே போதகரிடம் உண்மையைச் சொன்னேன். உன்னிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அட, உடுங்கக்கா" என்று அடுத்த முட்டையை எடுத்தாய். போன ஆவணியில் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டாய். நன்றி என்ற சொல்லை நான் ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இன்று பத்து அட்டையையும் நானே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஆலயத்துக்குப் போகும் வண்டியில் ஏற்றியதும் மேல் அட்டைமீது கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்கக்கா, ஏதாச்சும் விரிசல் இருக்குதுங்களா?"

"முட்டையில இல்லைங்க" என்றேன். "நானும் வாரேன், வண்டியை எடுங்க."