சர்க்கரைத் தண்ணீர்

அன்புள்ள அக்கா,

"இங்கேயே இருந்துவிடு அம்மா" என்று அவள் வந்த அன்று நான் சொல்லவில்லை. அப்பா போனபின் நம் ஊர் கூர்வெலோவில் தனியாக இருப்பவள், ஒரு வாரத்துக்கென்றுதான் என்னிடம் வந்தாள். பாட்டி இருந்த நம் பழைய சமையலறை போலவே ஃப்ரிட்ஜ் மேல் பீங்கான் பென்குயின் வைத்து, தண்ணீர் வடிகட்டும் மண்பானைக்கு நூலால் பின்னிய உறை போட்டிருந்தேன்.

"இதெல்லாம் மறுபடி ஃபேஷன்" என்றேன்.

"ஃபேஷனா? செத்துப்போன எங்கம்மா இங்கதான் குடியிருக்காளாடி?" என்று சிரித்தவள், உறையைத் தொட்டாள். "தொளதொளன்னு தொங்குதே! சர்க்கரைத் தண்ணியில முக்கிக் காயவெச்சாத்தான் விறைப்பா நிக்கும், கழுதை."

மறுநாள் அவளே முக்கினாள். சர்க்கரை கூடிப்போய், சமையலறை முழுக்க எறும்பு.

"இது ஒழியறவரைக்கும் இருக்கேன்" என்றாள்.

எறும்புகள் அந்த வாரமே போய்விட்டன; நாலு மாதம் ஆகிறது. அம்மா இப்போது என் சமையலறையில், ஜூன் மாத அறுவடை விழாவுக்குச் சோளக் கேக் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் தங்கை