மலர்கொடி எங்கே கற்றாள்

செப்டம்பர் 11, 1967

மழை இல்லை. குறுவை முற்றிவிட்டது, இன்னும் பத்து நாளில் அறுப்பு. மலர்கொடிக்கு ஐந்து வயதுகூட முடியவில்லை. வரப்பில் நிற்கும் புல்லுக்கெல்லாம் பெயர் சொல்கிறாள். இன்று சாப்பிடும்போது அவள் அப்பாவிடம், "கோரையப் புடுங்கினா கெழங்கு உள்ளயே நிக்கும்ப்பா, மறுபடி மொளைக்கும்" என்றாள். அவர் சிரித்தார். "இதெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா?" என்று என்னைக் கேட்டார்.

நானில்லை. எனக்கே தெரியாது. மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ள வரும் ராமாயியின் மகள் செவ்வந்தி இவளைவிட ஒரு வயது மூத்தவள். அவளோடு கொல்லையில் விளையாடி விளையாடி வந்த படிப்பு. யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை.

செப்டம்பர் 16

சேரியில் சிவப்புக் கொடி ஏற்றியிருக்கிறார்கள். கூலியைக் கூட்டிக் கொடுத்தால்தான் அறுப்புக்கு இறங்குவார்களாம். முன்னால் நின்று பேசியவன் ராமாயி புருஷன் மருதையன். இவர் நன்னிலம் போய் மற்ற மிராசுதார்களைப் பார்த்துவிட்டு வந்தார். "ஆட்சி மாறிட்டா எல்லாம் மாறிடுமா? வெளியூர் ஆள எறக்குறேன்" என்றார். நான் மோர் கொடுத்தேன்.

செப்டம்பர் 19

இதை எழுதத்தான் வேண்டும்.

கொல்லையில் பேச்சுக் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். கவிழ்த்த கூடைமேல் மலர் உட்கார்ந்திருக்கிறாள். எதிரில் செவ்வந்தி, கையைக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து. "ஏன்டி இவ்ளோ நேரம்? கொடி புடிக்கப் போனியா?" அப்படியே மலரின் அப்பா குரல். அதுவரை எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் செவ்வந்தி தண்ணீர் கேட்டாள். மலர் சொம்பைத் தூக்கினாள். குவித்த அந்தக் கையில் சொம்பு பட்டுவிடாத உயரத்திலிருந்து ஒழுகவிட்டாள்.

அந்த உயரம் என்னுடையது. தினமும் ராமாயிக்கு நான் ஊற்றும் உயரம். ஒருநாளும் இவளுக்கு அதைச் சொல்லித்தந்ததில்லை. எவ்வளவு குனிய வேண்டும் என்று செவ்வந்திக்கு மட்டும் யார் சொல்லித்தந்தார்கள்?

செப்டம்பர் 20

ராமாயிக்குத் தண்ணீர் ஊற்றப்போய்க் கை நின்றது. பிறகு எப்போதும் போலவே ஊற்றினேன்.

செப்டம்பர் 25

வேலைநிறுத்தம். ராமாயி வரவில்லை. கொல்லைப் படலைப் பிடித்துக்கொண்டு மலர் நின்றாள். "செவ்வந்தி எப்பம்மா வருவா?" நாளைக்கு என்றேன்.

அக்டோபர் 3

காலையில் லாரியில் வெளியூர் ஆட்கள் வந்தார்கள். மருதையன் வாய்க்கால் பாலத்தில் மறித்து நின்றான். இவருடைய ஆட்கள் அவனை இழுத்துவந்து எங்கள் களத்துத் தென்னையில் கட்டினார்கள். அடித்தார்கள். இவரும் அடித்தார். "கூலி கேப்பியா? இனிமே கேப்பியா?"

மாடி ஜன்னலில் நின்றேன். மலர் என் புடவையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருக்கிறாள் – வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

உச்சிவேளையில் ஆற்றங்கரைப் பக்கத்து வைக்கோல்போர் தீப்பிடித்தது. அப்போதும் மருதையன் தென்னையில்தான் இருந்தான். மூன்று மணிக்குமேல்தான் அவிழ்த்துவிட்டார்கள்.

அக்டோபர் 4

மலர் கன்றுக்குட்டியைத் தூணோடு சேர்த்துக் கட்டி, பூவரசங்குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள். "கேப்பியா? கேப்பியா?" கன்று கத்தவில்லை. கண்ணை மூடி மூடித் திறந்தது.

குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் முதுகில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே சொன்னாள்: "அப்பா அடிச்சாங்க. நீ பாத்துக்கிட்டுதானே நின்ன? ஒண்ணும் சொல்லலையே."

நான் என்னத்தச் சொல்றது இவகிட்ட. அடிக்கிறத அவர்கிட்ட படிச்சா. சும்மா நின்னு பாக்குறத – அத எங்கிட்டதானே படிச்சிருப்பா?

அக்டோபர் 6

போலீஸ் வந்தது. போருக்குத் தீ வைத்தது மருதையன் என்று இவர் எழுதிக்கொடுத்திருக்கிறார். ஆளைப் பிடித்துப்போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் புறப்படும் நேரத்தில் நான் கூடத்துக்கு வந்தேன். அயலார் முன்னால் வருகிற வழக்கமில்லை.

"போரு எரிஞ்சப்ப அவர எங்க களத்துல கட்டிப்போட்டிருந்தாங்க. நான் மாடிலேந்து பாத்தேன்."

'அவர்' என்று எப்படி வாயில் வந்தது, தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் திரும்ப உட்கார்ந்து எழுதிக்கொண்டார். இவர் கத்தவில்லை. "உள்ள போ" என்றார். கதவோரம் மலர் நின்றிருந்தாள்.

அக்டோபர் 8

தாராசுரம். தியாகு அண்ணன் வீடு. "கோர்ட்டுல போய் நிக்கிறதா இருந்தா, அங்கேயே இருந்துக்க" என்று இவர் வண்டி கட்டி அனுப்பிவிட்டார். மலரும் நானும், இரண்டு டிரங்குப் பெட்டியும். அண்ணன் எதுவும் கேட்கவில்லை. அண்ணிதான் கேட்டாள்.

நவம்பர் 20

நன்னிலம் கோர்ட்டில் சாட்சி சொன்னேன். புருஷனுக்கும் உங்களுக்கும் என்ன தகராறு என்று அரசாங்க வக்கீல் மூன்று தடவை கேட்டார். போர் எரிந்தபோது மருதையன் எங்கே இருந்தார் என்று நானும் மூன்று தடவை சொன்னேன். மலர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே ராமாயி. ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேனா? ஆமாம், எதிர்பார்த்தேன். பொய் எழுதக்கூடாது.

"அன்னிக்கே கீழ எறங்கி வந்திருந்தீங்கன்னா, அவரு கை ஒடிஞ்சிருக்காதும்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

டிசம்பர் 14

மருதையனுக்கு விடுதலை. அண்ணன் விசாரித்து வந்து சொன்னார். கை இன்னும் கூடவில்லையாம். இவரிடமிருந்து ஒரு வரி இல்லை.

ஜனவரி 8, 1968

தெருவில் பிள்ளைகள் கோர்ட்டு விளையாடினார்கள். அண்ணன் மகள் ஜெயா ஜட்ஜு. மலர்தான் சாட்சி. நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"சாட்சின்னா என்னடி பண்ணும்?" என்று ஜெயா கேட்டாள்.

"பாத்தத சொல்லும்."

"அப்பறம்?"

மலர் கொஞ்சம் யோசித்தாள். "அப்பறம் வேற ஊருக்குப் போயிடும்."

"சரி. சொல்லிட்டல்ல, அந்தாண்ட போய் நில்லு."

மலர் மறுபேச்சில்லாமல் தெருக்கோடி வரைக்கும் நடந்துபோய்த் தனியாக நின்றுகொண்டாள். முறத்தை வைத்துவிட்டு, கூப்பிடலாமென்று வாசலுக்கு வந்தேன். கூப்பிடவில்லை. நானும் நடந்துபோய் அவள் பக்கத்தில் நின்றேன்.