ஐம்பதுக்கு ஐம்பது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் எழுதினேன், அப்படியே நம்பிவிடாதே. நீ நலமா என்று கேட்பதும் வழக்கம்தான், ஆனால் இந்த முறை அதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஏதோ சொன்னாய். அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், தண்ணீரை வைக்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள். நீங்கள் இருவரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் என்னவோ செய்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாப்பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைத்தேன், எப்போதும் அவர்தானே போனை எடுத்து இரண்டு வார்த்தை முனகிவிட்டு உன்னிடம் தள்ளிவிடுகிறவர். இதை எழுதும்போதும் அந்தச் சந்தேகம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் நடுவில் ஒன்று நடந்துவிட்டது, அதைச் சொல்லாமல் மற்றதைக் கேட்க முடியாது. போனில் கேட்காமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்பதற்குக் காரணமும் அதுதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் காது சோதிக்கப் புதிதாக ஓர் ஆடியாலஜிஸ்ட் பெண் வந்திருக்கிறாள். உன் வயதுதான் இருக்கும், நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். வந்த இரண்டாவது வாரமே என்னிடம், "சார், நான் கேக்கறது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணா இருக்கு. காதை ஒரு தடவை பாத்துடலாமா?" என்றாள். இருபத்தாறு வருஷமாக ஊரார் காதைச் சோதிக்கும் இயந்திரங்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறவனிடம் இப்படி ஒரு கேள்வி. என் காதுக்குப் பின்னால் நான்கு வருஷமாக மெஷின் இருப்பது உனக்குத் தெரியும். விசில் சத்தங்களை வைத்துச் செய்யும் சோதனையில் என் கோடு எங்கே சரிகிறது என்பது எனக்கும் தெரியும், அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. ஆனால் மனிதன் விசில்களுக்கு நடுவிலா குடும்பம் நடத்துகிறான்? வாக்கியங்கள் காதில் விழுகின்றனவா என்பதுதான் கேள்வி, அந்தச் சோதனையில் வருஷா வருஷம் நான் ஐம்பதுக்கு ஐம்பது. அந்த லிஸ்ட் உனக்கு நினைவிருக்கும், நான் எழுதியது, நீ வாசித்தது. கல்லூரி முதல் வருஷ விடுமுறையில் சத்தம் புகாத அந்தச் சின்ன அறைக்குள் மூன்று நாள் உட்கார்ந்து, ஜலதோஷத்தோடு, மழை வருவதற்குள் துணியை எடுத்துவிடு, கதவைச் சாத்திவிட்டு விளக்கை அணை என்று ஒவ்வொன்றாகப் படித்தாயே, அதுதான். இன்று எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் அதை வைத்துத்தான் சோதிக்கிறார்கள், எங்கள் கூடத்துப் பெரிய டாக்டரின் பெயரில். அவருடைய புத்தகத்தில் எனக்குக் கிடைத்த பெயர் 'தொழில்நுட்ப உதவி', உனக்குக் கிடைத்தது 'ஓர் இளம்பெண்ணின் குரல்'. பதினோரு வருஷம் ஆகிறது, பக்கம் நூற்று நாற்பத்தேழு, அடியிலிருந்து மூன்றாவது வரி. மறந்துவிடுங்கள் என்று உன் அம்மா சொல்கிறாள், அவள் பெயரா விட்டுப்போயிற்று?

அந்தப் பெண்ணுக்கு என் ஐம்பது பிடிக்கவில்லை. "நீங்க எழுதின பாட்டை நீங்களே பாடிட்டு மார்க் போட்டுக்கறீங்க சார், வேற ஒண்ணு போடறேன்" என்று தானே தயாரித்த புது லிஸ்ட்டைப் போட்டாள். முதல் பாதியைக் கேட்டால் மறுபாதியை யாராலும் சொல்ல முடியாத வாக்கியங்கள், மஞ்சள் கதவு மெதுவாகத் தண்ணீர் குடித்தது என்பது போல. பதினேழு வந்தது. அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. மறுநாளே பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். பதினோரு வருஷமாக உட்கார் என்று சொல்லாத மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாமே என்றார். உள்காதின் நத்தைச் சுருளுக்குள் செலுத்த மெல்லிய, வளைந்துகொடுக்கும் புது எலக்ட்ரோடு ஒன்று வந்திருக்கிறதாம், மிச்சமிருக்கும் கேட்கும் திறனைக் கெடுக்காமல் உள்ளே போகுமாம், அதற்குத்தான் ஆய்வாம். வாக்கியச் சோதனையில் பாதிக்குக் கீழே வாங்கியவர்களைத்தான் சேர்ப்பார்கள். பன்னிரண்டு பேர் வேண்டும், பதினோரு பேர் கிடைத்துவிட்டார்கள். எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. பன்னிரண்டாவது ஆளுக்காக வலை வீசியிருக்கிறார்கள், அந்தப் பெண்ணை விட்டு என் மார்க்கைக் குறைக்கவைத்து என்னையே பிடித்துவிட்டார்கள் என்று தோன்றியது. எனக்கு இன்னும் கனத்த குரல்கள் கேட்கின்றன, லாரி கேட்கிறது, கதவு அறைவது கேட்கிறது. கெடுக்காமல் உள்ளே போகும் என்று காகிதத்தில் சொல்லலாம், போனால் போனதுதான். காதுக்குள் இருக்கும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குப் பதினைந்தாயிரம் சொச்சம்தான், செத்தது மறுபடி முளைக்காது. நீயும் இயர்போனைக் காதில் திணித்துக்கொண்டு சத்தத்தைக் கூட்டி வைக்காதே, எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் விசாரணையில் இறங்கினேன். நாற்காலியில் தலை இருக்கும் இடத்தில் மீட்டரை வைத்து அளந்தேன், அறுபத்தைந்து டெசிபல், புள்ளி பிசகவில்லை. பின்னணி இரைச்சல் நான் தயாரித்த அதே இரைச்சல். சரி, லிஸ்ட்டிலேயே கோளாறு இருக்கும் என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விமர்சனம் வேறு. "நாற்காலி கடுதாசி எழுதி அழுததாம், ஏன் சார், அதுக்கும் வீட்ல சண்டையா?" என்கிறார். சிரித்ததில் இரண்டைக் கோட்டைவிட்டார், நாற்பத்தெட்டு. அப்போதும் நான் விடவில்லை. அவரையும் சரிக்கட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். மேல்சத்தங்களை மட்டும் எங்கேயாவது வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்க ஸ்பீக்கர் கேபிளைப் பிடுங்கி இன்னொரு கருவியில் மாட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. மனசு ஆறவில்லை. என் பழைய லிஸ்ட்டையாவது ஒருமுறை கேட்டுவிட்டுப் போகிறேன் என்று நான் உள்ளே உட்கார்ந்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று வாட்ச்மேனுக்குச் சொல்லிக்கொடுத்து, உள்ளே பேசுவதைக் கேட்க ஹெட்போனையும், விடைத்தாளையும் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உள்ளே ஒரு பச்சை விளக்கு எரியும். எரிந்தது, நான் சொன்னேன், எரிந்தது, சொன்னேன். ஒன்றுகூட விடவில்லை. வெளியே வந்து என்ன ஐம்பதா என்றேன். அவர் ஹெட்போனைக் கழற்றாமல் என்னையே பார்த்தார். எனக்குக் கேட்கவேண்டும் என்று கத்திச் சொன்னார். "அம்பதுதான் சார். ஆனா உள்ள இருக்கற மைக்ல உங்க குரல் மட்டும்தான் எனக்கு வந்துச்சு, பொண்ணு குரலே வரலை. மெஷின் மக்கர் பண்ணுதுன்னு நினைச்சேன், நீங்க பாட்டுக்கு ஒண்ணொண்ணா சொல்லிட்டே போறீங்க." மேசையைப் பார்த்தேன். ஸ்பீக்கர் கேபிளின் முனை இன்னும் அந்த இன்னொரு கருவியில்தான் மாட்டிக் கிடந்தது.

மகளே, நான் கேட்டேன். அதுதான் இதில் எனக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம். நினைவிலிருந்து ஒப்பித்தேன் என்றால் வெட்கத்தோடு போய்விடும். உன் குரலை, ஜலதோஷத்தோடு, 'துணியை'யில் லேசாகத் தடுக்குவதோடு, நான் கேட்டேன், சத்தியம் செய்வேன். ஒரு சத்தமும் வராத அறையில் என் தலைக்குள்ளிருந்தே அது வந்திருக்கிறது. வாட்ச்மேன், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்" என்றார், அப்படியென்றால் திங்கட்கிழமைக்குள் கேன்டீன் வரைக்கும் போயிருக்கும். போகட்டும். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அந்தக் கூடத்தைப் பற்றிய நினைப்பே இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எத்தனை வருஷமாக நீ போனில் பேசுகிறாய், நான் சரிம்மா, யோசிச்சு செய்ம்மா என்கிறேன். நீ சொன்னதில் எதைக் கேட்டேன், எதை நானே தயாரித்துக்கொண்டேன்? போன ஞாயிறு நீ நெடுநேரம் பேசினாய், வேலை, வீடு, வெயில் என்று வழக்கமானது என்று எடுத்துக்கொண்டு சரிம்மா என்று போனை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் பேசி முடித்துவிட்டு என் எதிரே வந்து நின்று, "புள்ள அழுதுட்டே அவ்வளவு சொல்றா, ஒரு சரியோட முடிச்சிட்டீங்களே, நீங்கல்லாம் மனுஷனா?" என்றாள். நீ அழுதாய் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என்ன சொன்னாய் என்று இன்றுவரை தெரியாது. அவள் நான் கேட்டுவிட்டுத்தான் கல்லாக இருந்தேன் என்று நினைக்கிறாள். அவளிடமே கேட்கலாமே என்பாய். கேட்டால் சொல்வாள், நான் அவள் உதட்டைப் பார்த்துப் பாதியை என் தலையிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்வேன். ஊகித்தது போதும். நீ எழுது. எழுத்தில் மட்டும்தான் இப்போது நான் யாரையும் நம்புகிறேன். மாப்பிள்ளையைப் பற்றியதாக இருந்தாலும், என்னைப் பற்றியதாகவே இருந்தாலும், மெருகு போடாமல் எழுது.

ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். பெரிய டாக்டர் நல்லெண்ணத்தில் செய்கிறார் என்று நான் இன்னும் நம்பவில்லை. ஆடியாலஜிஸ்ட் பெண்ணிடம் அதை முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள், "அவருக்கு ஆள் வேணும், உங்களுக்குக் காது வேணும். ரெண்டும் ஒண்ணா வந்தா அது சதியா சார்?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்தக் கடிதத்துக்கு உட்காருவதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இடது காதுக்கு மட்டும். ஓரத்தில் என் கையால் ஒரு நிபந்தனையும் எழுதியிருக்கிறேன், நான் எழுதிய லிஸ்ட்டை வைத்து என்னைச் சோதிக்கக்கூடாது என்று. அவர்கள் கட்டுரையில் இந்த முறையும் என் பெயர் வராது, பன்னிரண்டாம் நபர், ஆண், வயது ஐம்பத்தைந்து என்றுதான் போடுவார்கள். ஆபரேஷன் முடிந்து சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். முதலில் எல்லாம் தகரத்தைத் தேய்ப்பது போலத்தான் இருக்குமாம், மூளை பழக மாதங்கள் ஆகுமாம். அதற்குள் நீ எனக்கு ஒரு வேலை செய்யவேண்டும். ஐம்பது வாக்கியங்கள் எழுதி, உன் இப்போதைய குரலில் பதிவுசெய்து, அந்தப் பெண்ணுக்கு அனுப்பு, விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது. எனக்கு அனுப்பாதே, என்ன எழுதினாய் என்று அம்மாவிடமும் சொல்லாதே, அவள் முகத்தை வைத்தே நான் பாதியைக் கண்டுபிடித்துவிடுவேன். அன்பாக எதையும் எழுதித் தொலைக்காதே. அன்பான வாக்கியங்களை எவனும் ஊகித்துவிடுவான்.

நீ நன்றாக இருக்கவேண்டும், எந்தக் குறையும் உன்னை அண்டக்கூடாது. நேரத்துக்குச் சாப்பிடு, யாரையும் சட்டென்று நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை சொன்னதை மறக்காமல் முதல் வரியிலிருந்து எழுது. உன் பதில் வரும்வரை போன் அடித்தால் அம்மாதான் எடுப்பாள், நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

கேட்காமலே சரி என்று சொன்ன
உன் அப்பா