சிவப்புக் கோடு

பட்டாபிராம்
3.3.2024

என் கண்ணு சுரேகாவுக்கு,

போனில் பேசினால் நீ அங்கே அழுகிறாய், நான் இங்கே அழுகிறேன், கேட்க வந்தது மறந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ராஜகுமாரி படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பிழை இருந்தால் சிரிக்காதே, நான் படித்தது ஐந்தாவது.

பறக்கும்போதே பக்கவாட்டுப் பலகை பிய்த்துக்கொண்டு போன அந்த விமானத்தில் போல்ட்டே போடாமல் விட்டிருந்தார்களாம், டிவியில் சொன்னார்கள். அந்த வகையை எல்லாம் நிறுத்தியதில்தானே உன் டிக்கெட் ரத்தாகி, அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனது? அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அந்தப் போல்ட்டு எவ்வளவு பெரிசு இருக்கும்? போட்டாயிற்றா என்று பிறகு வந்து பார்க்க ஆள் கிடையாதா?

உன் அப்பா டாங்கி ஃபேக்டரியில் போல்ட்டை முடுக்கியதும் அதன் தலையிலிருந்து இரும்பு வரைக்கும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பார். நம் வீட்டு ஃபேன், தையல் மிஷின், உன் சைக்கிள், எதையும் விடவில்லை. "கோடு ஒட்ஞ்சிருந்தா லூசாயிட்டு கீதுன்னு அர்த்தம் தாட்சா" என்பார். விமானத்திலும் அப்படிப் போடுவார்களா? விசாரித்து எழுது. வயிற்றுப் பிள்ளையோடு பட்டினி கிடக்காதே.

அம்மா
தாட்சாயிணி


போர்ட்லாந்து, அமெரிக்கா
10.3.2024

அம்மா,

கீழ் வீட்டுப் பெண்ணுக்கு விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை. கேட்டேன். அவர்களும் கோடு போடுவார்களாம், ஆரஞ்சு நிறத்தில். நம் ஃபேன் கதையைச் சொன்னேன், போட்டோ கேட்கிறாள். அந்தப் பலகையை ஏதோ வேலைக்காகக் கழற்றி மாட்டும்போது போல்ட்டை விட்டுவிட்டார்களாம். இப்போது எல்லாவற்றையும் திறந்து பார்த்துத்தான் பறக்க விட்டிருக்கிறார்கள்.

மனதில் இருப்பதை நானும் கேட்டுவிடுகிறேன். அப்பாவை இன்னும் ஒரு நாள் வைத்திருக்கக் கூடாதா அம்மா?

விசா வந்தும் நீ பிரசவத்துக்கு வருகிற பேச்சையே எடுக்கவில்லை. உனக்கு விமானம் என்றால் பயம் என்று பெரியப்பா சொன்னார். பயந்துகொண்டு வர வேண்டாம். ஜெகன் லீவு போட்டு என்னைப் பார்த்துக்கொள்வார்.

சுரேகா


பட்டாபிராம்
16.3.2024

சுரேகா கண்ணு,

போல்ட்டே இல்லாத இடத்தில் கோடு எங்கே போடுவது, பாவம்.

ஒரு நாள் என்று கேட்டாய். ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பொழுது சாய்வதற்குள் எடுக்கணும் என்றார் பெரியப்பா. பொண்ணு வருவாள், இருங்கள் என்று நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். "எந்த ஃபிளைட்டுல வர்றா, அத்த சொல்லும்மா" என்றார். நீயும் போனில் தெரியலையே அம்மா என்றுதான் அழுதாய். கையை எடுத்துவிட்டேன்.

பெரியப்பா உன்னிடம் சொன்னது சரியில்லை. விமானம் விழுந்துவிடும் என்று எனக்குப் பயமில்லை. கிளம்பாமல் நின்றுவிட்டால்? நீ அங்கே வலியில் துடிக்க, நான் மீனம்பாக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தால்? அதை நினைத்துத்தான் வாயைத் திறக்கவில்லை. நாள் நெருங்கும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. சித்திரை பிறந்ததும் வந்துவிடுகிறேன்.

நீ ஏற இருந்தாயே, அந்த வகையிலேயே டிக்கெட் போடு. பிரித்துப் பார்த்த வண்டியைத்தான் உன் அப்பா நம்புவார். ஜன்னல் பக்கம் கிடைத்தால் ஆரஞ்சுக் கோடு எங்காவது தெரிகிறதா என்று பார்ப்பேன்.

அப்பாவின் பெயிண்ட் டப்பாவை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்களாம், ராஜகுமாரி சொல்கிறாள். பிரஷை மட்டும் புடவைக்குள் சுற்றி வைத்துவிட்டேன். நீ அங்கே கொஞ்சம் சிவப்புப் பெயிண்டு வாங்கி வை. தொட்டிலை மாப்பிள்ளை முடுக்கட்டும், கோட்டை நான் வந்து போடுகிறேன்.

அம்மா