பேறுகால அறைக்கு ஒரு நாவல்

1927 ஜூலை 5, செவ்வாய்

நாகப்பட்டினம் கப்பலில் இந்த மலாய்த் தீவுக்கு இரண்டு பெட்டி நாவல் வந்தது. ஒரு பெட்டியில் உப்புத்தண்ணீர் இறங்கி, அட்டைகள் உப்பிப்போயிருக்கின்றன. கடைக்குப் போகுமுன் எல்லாம் முதலில் வீட்டுக்கு, என்னிடம்தான் வரும். சூலியா தெருவில் புத்தகக் கடை வைத்திருப்பவர் அண்ணன் சீனி முகம்மது. ஆனால் இதுவரை ஒரு நாவலையும் படித்து முடித்ததில்லை. "பேயா, காதலா, குடும்பமா? அத மட்டும் சொல்லு, ஹபீபா. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்பார். நான் சொல்வதைப் பத்து மடங்காக்கி, தானே விழுந்து விழுந்து படித்தவர்போல வாடிக்கைக்காரர்களிடம் அளப்பார்.

இன்று ஏழு பார்த்தேன். காதல் நான்கு, குடும்பம் இரண்டு, பேய் ஒன்று. காதல் நாவல்களில் மூன்றில் கதாநாயகி முதல் அத்தியாயத்திலேயே மயக்கம் போட்டு விழுகிறாள். இந்தப் பெண்களுக்கெல்லாம் யாரும் சோறு போடுவதில்லை போலிருக்கிறது.

ஜூலை 7, வியாழன்

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி முனுசாமி அக்கரையிலுள்ள பிறையிலிருந்து படகேறி வந்து காதல் கதை கேட்டாராம், சம்சாரத்துக்கென்று. அவர் சம்சாரம் கடல்தாண்டி ஊரோடு இருப்பது கடைத்தெரு முழுக்கத் தெரியும். அண்ணன் சிரிக்காமல் கட்டிக் கொடுத்தாராம். அதுவும் வியாபாரத்தில் ஒரு திறமைதான்.

ஜூலை 8, வெள்ளி

சொல்லுக்குச் சொல் மலாய் 'லா' போடும் அடுத்த வீட்டு ஆயிஷா மாமி பின்கதவு வழியாக வந்தார். அவர் மருமகள் சலேஹாவுக்குப் பிள்ளை செத்துப் பிறந்தது, முதல் பிள்ளை. அன்றைக்கு வாயை மூடியவள் இன்னும் திறக்கவில்லை.

"பத்து நாளாச்சு லா. சோறு வச்சா திங்குறா, தண்ணி ஊத்துனா குளிக்கிறா. ஒரு வார்த்த பேச மாட்டேங்குறா. நீ படிச்சவ. ஏதாவது நல்ல கதையா வாசிச்சுக் காட்டேன்."

"நல்ல கதைன்னா எப்படி, மாமி?"

"சந்தோசமா இருக்கணும். நாப்பது நாள் கழியிறதுக்குள்ள சரியாகலேன்னா கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிருவேன். எம் மவன் எத்தன நாளைக்குச் சுவத்தோட குடும்பம் நடத்துவான்?"

உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்று இந்தத் தெருவிலிருந்து ஊருக்கு அனுப்பப்பட்ட மருமகள் யாரும் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. வேறு மருமகள் வந்திருக்கிறாள்.

சலேஹாவுக்கு வாசிக்கத் தெரியாமலில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதினால் சரளமாக ஓடும். தமிழ் எழுத்தென்றால் நின்றுவிடும். எங்கள் பெண்களில் பாதிப்பேர் அப்படித்தான். கடைக்கு வரும் நாவல் எதுவும் அந்த எழுத்தில் இல்லை. ஆகவே நான்தான் போய் வாசிக்க வேண்டும். சரி என்றேன். பொழுது போகும்.

ஜூலை 11, திங்கள்

இருப்பதில் நல்ல காதலாக எடுத்துப் போனேன்.

அந்த அறையில் பந்தாங் எல்லாம் குறைவில்லாமல் நடக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு விதித்த விலக்குகளை இங்கே அப்படித்தான் சொல்லுவோம். கதவு நிலையில் தாழை முள், தலைமாட்டில் பாக்குவெட்டி. பொந்தியானாக் அண்டாமல் இருப்பதற்கு. பிரசவத்தில் செத்தவள் பேயாகிப் பிள்ளை பெற்றவளைத் தேடி வருவாளாம். மலாய்க்காரர்களிடமிருந்து நாங்கள் வாங்கிக்கொண்ட பயம் அது. வயிற்றுக்குச் சூட்டுக்கல்லும் வைக்கிறார்கள். பிள்ளை ஒன்றுதான் இல்லை.

மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகன் மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு வருகிறான். அதன் வாசத்தைப் பற்றி ஒரு பக்கம். நானும் ராகம் போட்டு வாசித்துக்கொண்டே போனேன். சலேஹா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அறைக்குள் வந்ததிலிருந்து மூக்கில் ஏறும் வாசம் எங்கிருந்து வருகிறதென்று. பால் வற்றுவதற்காக அவள் மாரில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து நாலு காதல் நாவலையும் புரட்டினேன். மல்லிகை இல்லாத காதல் ஒன்றுகூட இல்லை.

ஜூலை 13, புதன்

குடும்பக் கதை. சொத்துத் தகராறு, ஓரகத்திச் சண்டை, மாமியார் கொடுமை. மாமியார் சூடு போடும் இடம் வந்தபோது ஆயிஷா மாமி வாசலில் நின்று, "பாவம் லா அந்த மருமவ" என்று உச்சுக்கொட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. சலேஹா சிரிக்கவில்லை.

கடைசி அத்தியாயத்தைத் திருப்பினால் தொட்டில். தாத்தா பேரனுக்குத் தன் பேரையே வைக்கிறார். அதை வாசிக்காமல் தாண்டி, எல்லோரும் சுகமாக இருந்தார்கள் என்று சொந்தமாக ஒரு வரி போட்டு மூடினேன். இரண்டாவது குடும்ப நாவலையும் வீட்டில் பார்த்தேன். அதிலும் தொட்டில், இரட்டைப் பிள்ளை வேறு. எழுதுகிறவர்களுக்கு வேறு முடிவே தெரியாதா?

ஜூலை 15, வெள்ளி

மீதி இருப்பது பேய். பேறுகால அறையில் அந்தப் பேச்சே ஆகாது.

ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். மல்லிகையும் இல்லை, தொட்டிலும் இல்லை. பாழடைந்த பங்களா, கிணற்றடியில் வெள்ளைச்சேலை உருவம், ஊரே நடுங்குகிறது. கடைசியில் ஒரு வக்கீல் வருகிறார். அவர் பயப்படவில்லை. கோர்ட்டில் சாட்சியை விசாரிப்பதுபோலப் பேயை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்கிறார். எழுதியவர் பயமுறுத்தத்தான் நினைத்திருப்பார். எனக்குப் படிக்கும்போதே சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தால் வரட்டுமே.

ஜூலை 18, திங்கள்

மாமி பசாருக்குப் போயிருந்த நேரம். வாசித்தேன்.

சலேஹா மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல் வந்தார். கேட்டார்: உன் பேர் என்ன? ஊர் எது? நீ யாருடைய பிள்ளை? பேய் அழுதுகொண்டே ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறது. நான் வக்கீலுக்குக் கட்டைக் குரலும் பேய்க்குக் கீச்சுக் குரலும் வைத்துக்கொண்டிருந்தேன்.

"பேய்க்குக்கூடப் பேரு இருக்கே, லாத்தா."

என்னை அக்காவாக்கி லாத்தா என்று கூப்பிட்டது யாரென்று முதலில் தெரியவில்லை. அத்தனை நாள் பேசாத குரல் கரகரவென்று வந்தது.

"எம் புள்ளைக்கு என்னா பேரு வச்சாங்க?"

தெரியாது என்றேன்.

"பொண்ணா, பையனா?"

அதுவும் எனக்குத் தெரியாது. மருத்துவச்சி துணியில் சுற்றி வெளியே கொண்டுபோனாள், வீட்டு ஆம்பிளைகள் வாங்கிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் இவளுக்குச் சொல்லப்பட்டது. நாங்கள் இருபது பெண்கள் வந்து பார்த்தோம். பொறுமை, பொறுமை என்று சொன்னோம். ஒருத்தியும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை.

மாமி வரும் சத்தம் கேட்டது. புத்தகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்குப் பிள்ளை பிறந்ததில்லை. கல்யாணம் கட்டி இரண்டாம் வருஷமே என் வீட்டுக்காரர் மேடான் பட்டணத்தில் மௌத்தாகிவிட்டார். பிறக்காததற்குப் பேர் தேவையில்லை. அதனால் இதை நான் யோசித்ததே கிடையாது.

ஜூலை 19, செவ்வாய்

மாமி பின்கதவில் நின்று கத்தியது முன்வாசல் வரை கேட்டிருக்கும்.

"பேறுகால ரூம்புல பேய்க் கதையா வாசிச்ச? ஒனக்கு மூள இருக்கா? இப்ப வாயத் தொறந்துட்டா, தொறந்து என்னா கேக்குறா தெரியுமா? பேரக் கேக்குறா! போனதப் பேரு சொல்லிக் கூப்புட்டா அது திரும்பி வந்து வயத்துல குந்திக்கும். அடுத்தது தங்குமா?"

"பொண்ணா பையனான்னாவது சொல்லலாமே, மாமி?"

"ஒனக்கு என்னா தெரியும்? பெத்திருக்கியா நீ?"

நாற்பது கழிந்ததும் முதல் கப்பலில் அவளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் சோற்றுக்கு வந்த அண்ணனும் தன் பங்குக்குக் கத்தினார். சைத்தான் புத்தகம் விற்கிற கடை என்று அதற்குள் பேர் வந்துவிட்டதாம். "பேயா காதலான்னு சொல்லத்தானே ஒன்கிட்ட குடுத்தேன்? வைத்தியம் பாக்கவா சொன்னேன்?"

ஜூலை 21, வியாழன்

அடுத்த வீட்டில் சத்தமே இல்லை. சலேஹாவை இப்போது பேசவைத்து என்ன ஆயிற்று? கப்பல் உறுதியாகிவிட்டது, அவ்வளவுதான். நான் என்ன தப்பு செய்தேன்? — செஞ்சேன்தான். அவ கேட்டா, நான் புஸ்தகத்த மறச்சுக்கிட்டு ஓடியாந்தேன். வாய் செத்தவ மாதிரி ஓடியாந்தேனே!

ஜூலை 26, செவ்வாய்

சலேஹாவின் புருஷன் சிக்கந்தர் கடைக்கு வந்தானாம். கரையில் சரக்கு மூட்டை எண்ணும் வேலை அவனுக்கு. புத்தகம் வாங்கும் ஆளில்லை. "அந்தப் பேய்க் கதை வேணும்ணே" என்றானாம். அண்ணன் பயந்துபோய், அது வேண்டாம் தம்பி, அருமையான காதல் இருக்கிறது, புதுச் சரக்கு என்றிருக்கிறார். அவன் அசையவில்லை. அண்ணன் வியர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்து என்னிடம் வாங்கிக்கொண்டு போனார்.

"எதுக்குடி அவனுக்கு அது?"

எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

ஜூலை 27, புதன்

எங்கள் வீட்டு முற்றத்துக்கும் அவர்கள் வீட்டு முற்றத்துக்கும் நடுவில் ஒரே சுவர். பொழுது சாய்ந்து, மஃரிபு தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தேன். சிக்கந்தர் வாசிக்கும் குரல் வந்தது. மூட்டை இறக்குகிறவன்போல ஒவ்வொரு சொல்லாகத் தூக்கிப் பொத்தென்று போடுகிறான். கிணற்றடியைத் தாண்டுவதற்கே வெகுநேரம் ஆயிற்று. வக்கீல் வந்தார். உன்... பேர்... என்ன.

அங்கே நின்றுவிட்டான். எழுத்துத் தெரியாமல் தடுமாறுகிறான் என்று நினைத்தேன். பிறகு தணிந்த குரலில் வேறு ஏதோ பேசினான், அது புத்தகத்தில் உள்ளதல்ல. அப்புறம் அவன் அழுதான். சலேஹா அல்ல, அவன். நான் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 28, வியாழன்

காலையில் முற்றத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"லாத்தா."

"சொல்லு."

"பொண்ணு. மரியம்."

மையவாடியில் குழிக்குள் வைக்கும்போது சிக்கந்தர் தானாகவே வைத்த பேராம். உம்மாவுக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லையாம், இவளிடமும்.

நல்ல பேர் என்றேன். அழுதேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அரிசி பாட்டுக்கு ஊறிக்கொண்டிருந்தது, நான் பாட்டுக்கு அழுதேன்.

ஆகஸ்டு 2, செவ்வாய்

குடும்ப நாவல் இரண்டும் விற்றுப்போயின. உப்பிய அட்டை தெரியாதபடி திருப்பிக் காட்டி அண்ணன் தள்ளிவிட்டார்.

ஆகஸ்டு 9, செவ்வாய்

நேற்றுக் கப்பல் போயிற்று. சலேஹா போகவில்லை.

பெட்டியெல்லாம் கட்டி வாசலில் வைத்திருந்தார்கள். ரிக்‌ஷாவும் வந்து நின்றது. சிக்கந்தர் பெட்டியை உள்ளே தூக்கிக்கொண்டு போனான். நான் மாடி ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒளிந்து நின்றேன் என்றே வைத்துக்கொள்ளலாம். மாமி கத்தினார். அவன் கத்தவில்லை.

"அவ புள்ள இங்க இருக்கும்மா. அத விட்டுட்டு அவ எங்க போவா?"

பிறகு வந்த ரிக்‌ஷாவை வீணாக்காமல் அதிலேயே இருவரும் மையவாடிக்குப் போனார்கள். பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை; அவள் வெளி வாசலிலேயே இருந்துகொண்டாளாம், அவன் உள்ளே போய்க் கைகாட்டினானாம். அது எந்த இடம் என்று தெரிந்துகொண்டால் போதும் என்றாளாம்.

மாமி யாரோடும் பேசுவதில்லை. இப்போது அவர் முறை.

ஆகஸ்டு 17, புதன்

இன்று மத்தியானம் பின்கதவு தட்டப்பட்டது. மாமி. கையில் ஒரு கிண்ணம். பாலிக் புலாவ் தோட்டத்து டுரியான், சீசன் கடைசிப் பழம் என்றார். பழத்தைத் தட்டில் மாற்றிவிட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். சண்டைக்கு வந்தவர்போலத் தெரியவில்லை. சமாதானத்துக்கு வந்தவர்போலவும் இல்லை.

"அந்தப் புஸ்தகம் இருக்கா?"

சிக்கந்தர் அதைப் போன வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டான். எடுத்து வந்தேன்.

"எதை வாசிக்க, மாமி? முதல்லேர்ந்தா?"

"அந்த வக்கீல் கேப்பான்னாங்களே. அத."

வாசித்தேன். குரலெல்லாம் மாற்றவில்லை, சும்மா வாசித்தேன். உன் பேர் என்ன? ஊர் எது? நீ யாருடைய பிள்ளை?

"போதும்" என்றார்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"எனக்கு ரெண்டு போச்சு, ஹபீபா. சிக்கந்தருக்கு முன்னாடி. ஒண்ணு பையன், ஒண்ணு பொண்ணு. நான் பாத்தேன். பேரு வைக்கக் கூடாதுன்னு எங்க மாமியா சொல்லிட்டாங்க." முக்காட்டு முனையைத் திருகிக்கொண்டே, "இப்ப வைக்கலாமா?"

மார்க்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் பள்ளிவாசலில் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்கிறவராக இருந்தால் மாமி என்னிடம் வந்திருக்கமாட்டார்.

"வைக்கலாம், மாமி" என்றேன்.

"பையன் இப்ராகிம்" என்றார் உடனே. ஒரு மூச்சு யோசிக்கவில்லை. முப்பது வருஷமாகத் தயாராக வைத்திருந்த மாதிரி வந்தது.

பெண்ணுக்குத்தான் வரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். ஒவ்வொரு பேராகச் சொல்லிப் பார்த்து, இது இல்லை, இது இல்லை என்று தலையை ஆட்டினார். நானும் இரண்டு மூன்று சொன்னேன், அவையும் பிடிக்கவில்லை. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு வரேன் லா. அதுக்குள்ள நெனச்சுப் பாக்குறேன்."

அண்ணன் வந்ததும் கேட்டார், அந்தம்மா வந்தாங்களாமே, எந்த வகை கொடுத்தே என்று. ஒன்றும் கொடுக்கவில்லை என்றேன். நல்ல வியாபாரம் என்று முணுமுணுத்துக்கொண்டே டுரியானைத் தின்கிறார்.

பின்கதவைத் தாழ் போடாமல் விட்டிருக்கிறேன். மாமி நாளைக்குக் காலையிலேயே வந்தாலும் வருவார்.